சுவரில் போட்ட பேர்

ரவிச்சந்திரனுக்குப் பொய் சொல்ல வராது. இதை அவனுக்குப் பெருமையாகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே வாய்ச் சாமர்த்தியம் போதாத ஆள் அவன். அப்படிப்பட்டவன் முப்பத்து நாலு வயதில் ஒரு எஸ்டேட்டையே நம்ப வைத்த பெரிய புளுகன் ஆனான். எப்படி ஆனான் என்று கேட்டால், உண்மையைச் சொல்லித்தான் ஆனான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவனுக்கு இல்லை.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, தேயிலைக்குள் கொஞ்ச தூரம் ஏறினால் அந்த எஸ்டேட்டின் லயன் வரும். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாக வீடுகள். அதில் ஒன்று ரவியின் அம்மா தெய்வம்மாவுடையது. உடையது என்றால் பட்டா, பத்திரம் என்று எதுவும் கிடையாது. பேர் இருக்கிறவரைக்கும் வீடு, பேர் போனால் வீடும் போச்சு.

இந்தப் பேர் சமாசாரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரவி அடித்த கூத்து யாருக்கும் விளங்காது. தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் அம்மா அப்பா வைத்த பேர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலை செய்தால் அது ஒரு பேர். பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். வேலை நிரந்தரமானால் பேர் பதிந்துவிட்டது என்பார்கள். "வேலைக்குப் போனாயா?" என்று தெய்வம்மா ஒருநாளும் கேட்டதில்லை. "பேர் விழுந்திச்சா?" என்றுதான் கேட்பாள். பத்து வயதில் இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது, துணி மூட்டையோடு அவள் கொண்டுவந்த பேச்சு அது. காலையில் எல்லாரும் கூடி நிற்கிற மஸ்டரைக்கூட அவள் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வாள்.

ரவியின் அப்பா தங்கையா, அவன் பத்தாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு தெய்வம்மா ஒற்றை ஆளாக மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து அவனைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தாள். "இந்தக் கூடை என்னோட போவட்டும். நீ தோளுல எதையும் மாட்டக் கூடாது" என்பாள். அவனும் மாட்டவில்லை. இலை வாங்கித் தூள் போடுகிற ஒரு தனியார் ஃபாக்டரியில், இலை காய வைக்கிற பகுதியில் வேலை பார்த்தான். நல்ல பேர்தான். பதிகிற நேரத்தில் ஃபாக்டரியைப் பூட்டிவிட்டார்கள்.

வேலை போனவன் லயனில் பகல் பொழுதைக் கழிப்பது போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் "என்னப்பா, லீவா?" என்பார்கள். தலை வாரினால் "எங்கியாச்சும் இன்டர்வியூவா?" என்பார்கள். எல்லாம் பாசத்தோடுதான். அந்தப் பாசத்தைத் தாங்க முடியாமல் அவன் காலையில் முதல் வேலையாக பஸ் பிடித்துக் குன்னூருக்கு இறங்கிவிடுவான். நாலு இடத்தில் வேலை கேட்பான், இல்லை என்பார்கள். அப்புறம் டெனின் கடையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

டெனின் அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். நாலு டிவி, நாலு பழைய கேம் பெட்டி, கிழிந்த சோபா. கீழேயிருந்து வர்க்கி வேகிற வாசனை மேலே வந்துகொண்டே இருக்கும். ஒயர் பிய்ந்தால் ஒட்டவும், டெனின் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ளவும் ரவி ஒத்தாசை. சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றாமலிருக்க அவனுக்கு அது போதும்.

அங்கேதான் அந்த கேமைப் பிடித்தான். இல்லை, அது அவனைப் பிடித்தது.

அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு, டெனினுக்கே வாயில் நுழையாது. கடைக்கு வருகிறவர்கள் டப்பா கேம் என்பார்கள். காலில் சக்கர ஷூ, கையில் பெயின்ட் ஸ்பிரே டப்பா. ஊரெல்லாம் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவர் சுவராகத் தன் பேரைப் போட வேண்டும், போலீஸ் துரத்தும், பிடிபடாமல் போட்டு முடித்தால் அந்தத் தெரு நம்முடையது. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அழகு! சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகு. மாலை நேரத்து ஆரஞ்சு நிற வானம். கட்டடம், கம்பம், ஆள், நாய் எல்லாவற்றுக்கும் மை தீட்டின மாதிரி கறுப்புக் கரை. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கை இரண்டையும் வீசி, மாடிப்படிக் கைப்பிடியில் வழுக்கிக்கொண்டு போகிற அந்த ஸ்டைலைப் பார்த்தால் எழுபது வயதுக்காரனுக்கும் கால் துறுதுறுக்கும். முக்கியமாக அந்த ஊரில் மழையே பெய்யாது.

அழகு எவ்வளவோ, கன்ட்ரோல் அவ்வளவு கேவலம். பின்னால் திரும்பிப் பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் ஒரே பட்டன். போலீஸ் வருகிறானா என்று பார்க்கப் போனால் கண்ட சுவரில் பேர் விழுந்துவிடும். பேர் போடப் போனால் பார்வை பின்பக்கம் திரும்பி வந்த வழியைக் காட்டும். பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆள் நிற்க வேண்டுமென்றால் எதிலாவது போய் மோத வேண்டும். கடைக்கு வருகிற பையன்கள் ரெண்டு தரம் மோதிவிட்டு, "இதெல்லாம் ஒரு கேமா?" என்று கார் ரேஸுக்குப் போய்விடுவார்கள். ரவி போகவில்லை. மோதி மோதியே அதன் குணத்தைப் பழகிக்கொண்டான்.

சுவரில் போடுகிற பேரை நாமே வரைந்துகொள்ளலாம். ரவி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தமிழில் 'ரவி' என்று வரைந்தான். ரகரத்தின் காலை நீளமாக இழுத்து வளைத்து, வியின் சுழிக்குள்ளே ரெண்டு இலையும் ஒரு மொட்டும் வைத்தான். டெனின் பார்த்துவிட்டு, "என்னடா, கட்சிச் சின்னமா?" என்றான். ரவிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேர் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில், ஒரு பெரிய ரயில் நிலையச் சுவரில் முதல்முறை விழுந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எந்த ஃபாக்டரியிலும் பதியாத பேர். இதற்கா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆடி மாதம், மழை வெளுத்து வாங்குகிற ஒரு நாள், அவன் போலீஸிடமிருந்து தப்பி ஒரு பாலத்தின் அடியில் பேர் போட்டுக்கொண்டிருந்தபோது தெய்வம்மா ஃபோன் செய்தாள். ரெண்டு கையிலும் கன்ட்ரோலர். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். பாட்டு டமடமவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கடா இருக்க? என்னா செய்யிற?"

"பேர் போட்டுக்கிட்டு இருக்கேம்மா. பொறவு பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

சத்தியமாக அவன் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. டெனின் கடையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பக்கம் தெய்வம்மாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று அன்று சாயந்தரம் வீட்டுப் படியேறுகிறவரைக்கும் அவனுக்கு உறைக்கவே இல்லை.

வீட்டில் நெய் வாசம். தெய்வம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்டா, பெத்தவகிட்ட சொல்லாம கொள்ளாமயா வேலையில சேருவ? மெசினுச் சத்தம் ஃபோனுலயே கேட்டிச்சே, டமடமன்னு!"

"அம்மா, அது வந்து..."

"மொத தின்னு, பொறகு பேசு" என்று ஒரு கைக் கேசரியை அவன் வாயில் திணித்தாள். அதற்குள் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் வாசலில் தலையை நீட்டிவிட்டன. "ரவிக்குப் பேர் பதிஞ்சிருச்சாமே! எந்த ஃபாக்டரி தம்பி?" வாய் நிறைய கேசரியோடு அவன் குன்னூர்ப் பக்கம் கையைக் காட்டினான். கேசரியை விழுங்கி முடித்தபோது சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது. தெய்வம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையா படத்துக்கு முன்னால் ஒரு தட்டுக் கேசரி வைத்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் விடியுமுன்னே தெய்வம்மா எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டு, தொட்டுக்கொள்ளச் சம்பல் இடித்து டிபனில் கட்டி வைத்திருந்தாள். தனக்கு எடுத்துக்கொண்டது நேற்றைய சோறு. அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது? அந்த ரொட்டியை அவன் டெனின் கடைச் சோபாவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றான்.

"சொல்லித் தொலையேன்டா" என்றான் டெனின்.

"சொல்றேன்."

"எப்ப?"

"இந்த லெவல் முடியட்டும்."

டெனின் தலையில் அடித்துக்கொண்டான். ரவி சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

தினமும் சாயந்தரம் தெய்வம்மா கேட்பாள், "பேர் விழுந்திச்சா?" அவனும் தலையைக் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "விழுந்துச்சும்மா" என்பான். விழுந்ததுதான். ரயில் நிலையத்தில் விழுந்தது, மீன் மார்க்கெட்டில் விழுந்தது, மேம்பாலத்தில் விழுந்தது. இந்த உண்மையை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மாசக் கடைசியில் பழைய ஃபாக்டரியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் கொஞ்சத்தை அவள் கையில் வைத்தான், சம்பளம் என்று அவளே எடுத்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் போனான். வேறு எங்கே போவது? கேமில் கைதேர்ந்துவிட்டது, பையன்கள் பின்னால் நின்று, "அண்ணா, செம!" என்று கத்துவார்கள். ஊரிலேயே அவனைப் பார்த்து யாராவது பெருமைப்பட்ட இடம் அது ஒன்றுதான். அதுவும் பள்ளிக்கூடப் பையன்கள். கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டில் எஸ்டேட் ஆட்களைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

இப்படியே ஓடியிருந்தால்கூட ஒருநாள் வேறு வேலை கிடைத்து, பொய் தானாக உண்மையாகியிருக்கும். அவன் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். ஆனால் செப்டம்பர் கடைசியில் தெய்வம்மாவுக்கு வயது முடிந்து ஓய்வு.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவர் தன் பேரை ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மகனோ மகளோ, அவர்களுக்குத் தேவையில்லையென்றால் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த வேறு யாராவது. மஸ்டரில் எல்லாரும் கேட்க வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஆபீஸில் எழுதுவார்கள். பேர் யாருக்குப் போகிறதோ வீடும் அவருக்கு.

ஒருநாள் ரவி வெளியே கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, தெய்வம்மா அரிசி புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "எம் பேரை பிலோமிக்குக் குடுக்கிறதாச் சொல்லிட்டேன்."

அவனுக்குக் காலடியில் தண்ணீர் ஓடுவது தெரியவில்லை. "யாருக்கு?"

"பிலோமிக்குடா. மேரியம்மா மவளுக்கு."

மேரியம்மா தெய்வம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காரி. ரெண்டு பேரும் ஒரே வரிசையில் அக்கம்பக்கமாக ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள். மேரியம்மா இறந்தபோது பிலோமி திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தாள். சொல்ல ஆளில்லாமல் அந்தப் பேர் அப்படியே அழிந்துபோனது. புருஷன் விட்டுவிட்டுப் போய், மகள் ஷைனாவோடு ஒற்றை ரூமில் இருந்துகொண்டு, நைட் ஷிப்ட் பார்த்துக் கஷ்டப்படுகிறாள் என்று தெய்வம்மா அடிக்கடி சொல்வாள்.

"ஒனக்குத்தான் பேர் பதிஞ்சிருச்சே. ஒரு ஆளுக்கு ரெண்டு எடத்துல பேர் இருக்க ஏலாது. அந்தப் புள்ளையாச்சும் பொழைச்சிக்கிடட்டும்" என்றாள் தெய்வம்மா. "ஒன் ஃபாக்டரியில வீடு குடுப்பாங்கதானே?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள். வாயில் கேசரிகூட இல்லை.

"கேட்டிருக்கேம்மா. குடுப்பாங்க" என்றான்.

அதுவரைக்கும் சொன்னதற்கெல்லாம் ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. இது சுத்தமான பொய், அவன் வாயிலிருந்தே வந்தது. தெய்வம்மா, "அப்ப சரி" என்று முறத்தைத் தட்டினாள். அவன் ஈரக் காலோடு உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவன் சொல்ல முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்குச் சாயந்தரம் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வாசகம் கட்டுவான். இறங்கும்போது அது கலைந்திருக்கும். வெறி பிடித்தவன் போல வேலை தேடினான். ஹோட்டலில் கேட்டான், பெட்ரோல் பங்கில் கேட்டான், சீசன் முடிந்துவிட்டது என்றார்கள். தோற்றுப்போய் டெனின் கடைக்கு வந்து கன்ட்ரோலரை எடுப்பான். வீடு போகப் போகிறதடா, அம்மா தெருவில் நிற்கப் போகிறாள் என்று உள்ளே ஒரு குரல் கத்தும். கை பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருக்கும்.

பேர் மாற்றுகிற மஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் பிலோமி வந்து இறங்கினாள். ஒரு ட்ரங்குப் பெட்டி, ரெண்டு பை, பாத்திர மூட்டை, கையில் ஷைனா. திருப்பூரில் கணக்கை முடித்துக்கொண்டு, ரூமைக் காலி செய்து, பிள்ளைக்கு டிசியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ரவி வீடு திரும்பும்போது அவள் தெய்வம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்காது பெரியம்மா."

"அடப் போடி" என்று தெய்வம்மா அவள் தலையைத் தடவினாள். "தம்பிக்கு வேலை கெடைச்சதால ஆச்சு. அவனுக்குச் சொல்லு நன்றி."

பிலோமி எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி தம்பி" என்றாள். அவன் தலையாட்டினான். ஆமாம், தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ தடவை கூசிப்போனான்.

மறுநாள் காலை மஸ்டரில் பனி இன்னும் விலகவில்லை. தலையில் முக்காடும் இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் கட்டிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். தெய்வம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். யாரோ அவளுக்கு ஒரு மாலை வாங்கி வந்திருந்தார்கள். மஸ்டரில் பேர் எழுதுகிற ரைட்டர் சுடலைமணி நடுவில் நின்று, "சொல்லுங்கம்மா, உங்க பேரை யாருக்கு மாத்தறீங்க?" என்று கேட்டார். பிலோமி முன்னால் வந்து நின்றாள். தெய்வம்மா வாயைத் திறந்தாள்.

"எனக்கு வேலை இல்லீங்க!"

பின்னாலிருந்து வந்த சத்தம் தன்னுடையது என்று ரவிக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னப்பா சொல்ற?" என்றார் சுடலைமணி.

"எனக்கு எந்த ஃபாக்டரியிலும் பேர் இல்லீங்க. வேலையே இல்லீங்க."

"பின்ன இத்தன நாளா டிபனக் கட்டிக்கிட்டு எங்க போன?"

"கேம் கடைக்குங்க."

"எந்தக் கடை?"

"வீடியோ கேம்ங்க. குன்னூர்ல."

அங்கே ஒரு சிரிப்பு, இங்கே ஒரு சிரிப்பு கிளம்பியது. சுடலைமணி விடவில்லை. "பேர் போட்டுக்கிட்டு இருக்கேன்னு அம்மாகிட்டச் சொன்னியாமே?"

"போட்டேனுங்க. செவுத்துல." கையால் காற்றில் வரைந்து காட்டினான். "கேம்ல ஒரு ஊரு இருக்குங்க. சக்கர ஷூ போட்டுக்கிட்டுப் போயி அங்க செவுத்துல பெயின்ட்டுல பேர் போடணும். அம்மா ஃபோன் பண்ணுனப்ப அதத்தான் சொன்னேன். அம்மா வேற மாதிரி எடுத்துக்கிச்சு. நானும் விட்டுட்டேன்."

மஸ்டரே வெடித்துச் சிரித்தது. முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஆத்தாடி, சக்கர ஷூவாமே!" என்றாள் ஒருத்தி. ரவிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சிரிப்பு ஓயும்போதுதான் எல்லார் கண்ணும் வேறு பக்கம் போனது. ஒரு பக்கம் தெய்வம்மா. ஒரு பக்கம் பிலோமி. ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

சுடலைமணி தொண்டையைக் கனைத்தார். "இன்னும் எழுதலீங்கம்மா. நீங்களே சொல்லுங்க. யாருக்குப் போடறது?"

தெய்வம்மா மகனைப் பார்க்கவில்லை. பிலோமியைத்தான் பார்த்தாள். அந்த எஸ்டேட்டில் தெய்வம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். யூனியன்காரர்கள்கூட அவள் வாக்கை நம்பித் துரையோடு பேசுவார்கள். அப்படிப்பட்டவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எம் மவனுக்கே..." என்றாள்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா. எல்லாரும் கேக்கணும்ல?"

"எம் மவனுக்கே போடுங்க" என்றாள் தெய்வம்மா. சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எவன் சொன்னானோ தெரியவில்லை. தான் செய்த கேவலத்தைக் கொண்டுபோய் அம்மா தலையில் கட்டிவிட்டோம் என்று ரவிக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரறிய வாக்கு மாறியவள் என்று இனிமேல் அவளைத்தானே சொல்வார்கள்.

பிலோமி விடுவிடுவென்று நடந்தாள். லயனுக்குப் போய்ப் பாத்திர மூட்டையைத் திரும்பக் கட்டினாள். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். தெய்வம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ரவிதான் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தான், சொல்லவில்லை.

ரோட்டுக்கு இறங்குகிற வழியில் எஸ்டேட் கல்லறை. பிலோமி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். மேரியம்மாவின் சிலுவைக்கு முன்னால் ஷைனாவை நிறுத்தி, தானும் கொஞ்ச நேரம் நின்றாள். மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டாள். திரும்பி வந்தபோதுதான் பேசினாள்.

"ஒரு வாரம் முந்திச் சொல்லியிருக்கலாம்ல தம்பி? நான் கம்பெனிய விட்டு நின்னிருக்க மாட்டேனே."

"சொல்லணும்னுதான் இருந்தேங்க்கா. வெக்கமா இருந்துச்சு."

"ஒனக்கு வெக்கமா இருந்துச்சு. சரி. எனக்கு வேலை போச்சு, ரூமு போச்சு, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு."

அவன் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றான். இறக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கே போவாய் என்று கேட்க நினைத்தான். கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினான். பிலோமி படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "பெரியம்மாகிட்டச் சொல்லிரு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வந்து அது ஊட்டுலதான் தங்குவேன், சேர்ந்து போயி மெழுகுத்திரி வெப்போம். இனி வரமாட்டேன்னு சொல்லிரு. எங்கம்மாவைப் பார்க்கக்கூட இந்த மண்ணுக்கு வரமாட்டேன்." கண்டக்டர் விசில் ஊதினார்.

ரவி லயனுக்குத் திரும்பினான். தெய்வம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. புதுச் சேலையை மாற்றவும் இல்லை. அவனைத் திட்டுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றையும் அவள் செய்யவில்லை.

"பஸ்ஸு கெடைச்சிச்சா?"

"கெடைச்சுதும்மா."

"எம் மேல ரொம்பக் கோவமா இருந்தாளா?"

அவன் ஷூவைக் கழற்றக் குனிந்தான்.

"கேக்கிறேன்ல? ஏதாச்சும் சொன்னாளா?" அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "கல்லறைத் திருநாளைக்கு வருவாளாடா? மேரியம்மா கல்லறைக்கு அவ வந்தாத்தான் நானும் போவ முடியும். இனி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தனியாப் போயி நிப்பேன்?"

ரவி அம்மாவின் எதிரே உட்கார்ந்தான். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று பஸ் போன பிறகு அந்த ரோட்டோரத்தில் நின்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"வருவாம்மா" என்றான். "கட்டாயம் வரேன்னா. உன்னையச் சாப்பிடச் சொன்னா."

தெய்வம்மா அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைக் கிட்டே இழுத்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இன்னொரு வாய். அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவன் சோற்றில் கை வைத்தபடி, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.